வெறுந்தளத்தோடு நிற்காதே!

உன் மாதிரிக் கப்பலுக்கு அடிமரமான ஏராவை வைத்தது நீ. விலா மரங்களான வங்குகளை ஒவ்வொன்றாக அறுத்து, ஏராவின் மேல் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தது நீ. பலகையை வெந்நீரில் ஊறவைத்து, முன்பக்கமான அணியத்தின் வளைவுக்கு வாகாக வளைத்து, விரல்நுனி சிவக்கப் பிடித்திருந்து ஒட்டியது நீ. பெட்டியில் எண் போட்டு வந்த துண்டுகளை ஒட்டிய வேலை இல்லை இது. வரைபடத்தைப் பார்த்து, வெறும் மரத்திலிருந்து ஒரு கப்பலின் உடலையே எழுப்பியிருக்கிறாய். பீரங்கித் தளத்துக்குப் பலகையும் பாவியாகிவிட்டது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று? ஏன் கை நின்றுபோயிற்று?

எனக்குத் தெரியும். வரைபடத்தின் அடுத்த தாளைப் பிரித்திருப்பாய். கிராதி, மணிக்கூண்டு, சுக்கான் சக்கரம், நங்கூரக் கயிற்றை இழுக்கும் கேப்ஸ்டன், ஏணி, கைப்பிடி, வளையம், கொக்கி, பீரங்கி வண்டி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் எண்ணி முடியவில்லை. “இதெல்லாம் என் கைக்கு வராது” என்று தாளை மடித்து வைத்துவிட்டாய்.

யார் சொன்னது வராது என்று? எந்தக் கையைக் கேட்டுச் சொன்னாய்? ஒரு கொக்கியாவது செய்து பார்த்த கையையா? செய்யாத வேலைக்குத் தீர்ப்பு எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கப்பல் மாதிரி செய்கிறவர்கள் பாதியில் விட்டவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை உடலில் தோற்றவை இல்லை, தளத்தில் தோற்றவை. காரணம் திறமைக் குறைவும் இல்லை. உடல் கட்டும்போது ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிந்து வளரும். இன்றைக்கு ஒரு பலகை, நாளைக்கு இன்னொன்று, வீட்டுக்கு வருகிறவர்கள்கூட “அட, வளர்ந்துடுச்சே!” என்பார்கள். தளத்து வேலைக்கு வந்துவிட்டால் ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து எழுந்தால் உள்ளங்கையில் நான்கு கொக்கி கிடக்கும். பாராட்ட ஆள் இருக்காது. “இதுக்கா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லைட்டு போட்டு உட்கார்ந்திருந்தே?” என்று அம்மா கேட்பார். “ஆன்லைன்ல ரெடிமேடா கிடைக்குதேடா மாப்ளே” என்று நண்பன் சொல்வான். அந்த இடத்தில்தான் உனக்கு நெஞ்சுரம் வேண்டும். ஊர் பார்க்கும்போது வேலை செய்ய எவராலும் முடியும். நான்கு கொக்கிக்காக ஒரு மாலையைக் கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்காருகிறாயே, அதற்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர்.

ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கதையைச் சொல்கிறேன், கேள். பெயர் ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி’. நம் திருகோணமலைதான். 1782-ல் அந்தத் துறைமுகத்துக்கு அப்பால் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். கப்பலின் வடிவமோ, அதே 1782-ல் ஆங்கிலேயர் பிடித்த ‘எபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து உருவாக்கியது. கட்டும் வேலை பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களிடம் வந்தது. கப்பலின் வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து ‘ஜாவா’ என்ற போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1812 டிசம்பரில், பிரேசில் கரைக்கு அப்பால், அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ ஜாவாவை அடித்து நொறுக்கியது. வரைபடங்களும் போயின.

அத்தோடு விட்டார்களா? இல்லை. மறுபடி வரைபடம் அனுப்பினார்கள். 1816-ல் ஏரா வைத்தார்கள். ஜம்சேட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கில் வளர்ந்த அந்தக் கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறங்கியது. இருநூறு ஆண்டு தாண்டியும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்னும் மிதப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். வரைபடமே கடலோடு போன பிறகும் எழுந்த கப்பல் அது! உன் வரைபடம் உன் மேசைமேல் பத்திரமாக இருக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தம்ளரைக்கூட வைத்திருக்கிறாய். உனக்கு என்ன குறை?

அந்தக் கப்பலையே எடுத்துக்கொள்வோம். பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி. மாதிரிக் கப்பல்காரர்கள் காலங்காலமாகக் கையாளும் 1:48 அளவில் செய்தால், ஓர் அடிக்குக் கால் அங்குலம். தளம் 95 சென்டிமீட்டர் வரும். அந்தத் தளத்தில் 18 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் 28. ஒவ்வொன்றும் ஒரு மர வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். வண்டிக்கு இரண்டு பக்கப்பலகை, இரண்டு அச்சு, நான்கு சக்கரம். ஆக 28 வண்டிக்கு 56 பக்கப்பலகை, 56 அச்சு, 112 சக்கரம். இன்னும் வளையங்களை எண்ணவில்லை. பீரங்கியின் பின்னுதையைத் தாங்கும் தடித்த கயிறு, வண்டியை இழுக்கும் கப்பிகள், எதையும் எண்ணவில்லை.

112 சக்கரம் என்றதும் நெஞ்சு பதறுகிறதா? பதறட்டும். பதறிக்கொண்டே முதல் சக்கரத்தை வெட்டு.

உருண்டையான ஒரு மரக்குச்சியைத் துளையிடும் எந்திரத்தின் வாயில் மாட்டு. சுழலவிட்டு, உப்புத்தாளால் பிடித்து, வேண்டிய பருமனுக்குக் கொண்டுவா. 1:48-ல் சக்கரத்தின் விட்டம் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர். நடுவில் துளை போட்டுக்கொண்ட பிறகு மெல்லிய ரம்பத்தால் ஒரே கனத்தில் துண்டு துண்டாக அறு. கனம் மாறாமல் இருக்க ஒரு தடுப்புக்கட்டையை நிறுத்திக்கொள். மரவேலைக்காரர்கள் ஜிக் என்று சொல்வது இதைத்தான். முதல் சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதில் முக்கால்வாசி நேரம் ஜிக் செய்யப் போகும். பத்தாவது சக்கரத்துக்கு வரும்போது பேசிக்கொண்டே அறுப்பாய். கையைத் திட்டாதே, அதற்கு ஒரு ஜிக் செய்துகொடு. “எனக்கு நேரா அறுக்க வராது” என்று வருத்தப்படுகிற நேரத்தில், நேராக மட்டுமே அறுக்க விடுகிற ஒரு சட்டத்தை ஆணியடித்து முடித்துவிடலாம்.

இன்னொன்று கவனி. முன்சக்கரம் பெரியது, பின்சக்கரம் சற்றுச் சிறியது. ஏன் தெரியுமா? கப்பலின் தளம் தட்டையாக இருக்காது. நடுவில் மேடு, இரு ஓரமும் சரிவு. மேலேறி வரும் கடல்நீர் ஓரத்துக்கு ஓடி வடிவதற்காக. பீரங்கியின் முகம் ஓரத்தைப் பார்த்திருப்பதால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்வை ஈடுகட்டத்தான் முன்சக்கரம் பெரியது. இந்த ஒரு விஷயம் தெரிந்து செய்தவனின் தளத்தில் 28 குழல்களும் மட்டமாக வெளியே பார்க்கும். தெரியாமல் நான்கு சக்கரத்தையும் ஒரே அளவில் வெட்டியவனின் பீரங்கிகளெல்லாம் தண்ணீரைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கும். படிக்காமல் வேலையில் இறங்கும் துணிச்சலை நான் தன்னம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவனின் கை நடுங்காது.

தளத்தில் வைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த வளைவு உண்டு. கீழே இறங்கும் வாயைச் சுற்றி நிற்கும் சட்டம், மேல்வெளிச்சத்துக்கான கண்ணாடிக் கூண்டு, எதுவானாலும் அடிப்பாகம் தட்டையாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் இடுக்கு தெரியும். அந்த இடுக்கைப் பசையும் தூளும் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைக்காதே! உப்புத்தாளை, சொரசொரப்பு மேலே இருக்கும்படி தளத்தின்மேல் விரித்துப் பிடி. பெட்டி எங்கே உட்காரப்போகிறதோ அதே இடத்தில் வைத்து, கப்பலின் நீளவாக்கில், அழுத்தாமல் முன்னும் பின்னும் தேய். முதலில் ஓசை ஒருமாதிரி விட்டுவிட்டு வரும். நடுப்பகுதி மட்டும்தான் தாளைத் தொடுகிறது என்று அர்த்தம். தேயத் தேய ஓசை சீராகும். எடுத்துத் திருப்பிப் பார்: அடிப்பக்கம் முழுவதும் ஒரே நிறமாகத் தேய்ந்திருந்தால் தளத்தின் வளைவு பெட்டிக்கு ஏறிவிட்டது. உப்புத்தாளை எடுத்துவிட்டு வை. ஒரு முடிகூட நுழையாது. வாழ்நாளில் ஒருமுறையாவது நீ அதை அனுபவிக்க வேண்டும். அந்த நிமிடம் உனக்கு வரும் நிமிர்வை எந்த மேடைப் பேச்சாளராலும் கொடுக்க முடியாது. ஆனால், பெட்டியின் சுவர்கள் தளத்துக்குச் செங்குத்தாக நின்றால் போதாது, கப்பலின் நீர்மட்டக் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தளம் அணியத்தின் பக்கம் மேலேறிப் போகும் என்பதை மறந்துவிடாதே. ஏணிப்படிகளும் அப்படித்தான், நீர்மட்டத்துக்கு இணையாக.

இனி, தளத்து வாய்களை மூடும் மரச்சல்லடையான கிராதி. கப்பல் மாதிரி செய்பவரின் தரத்தை அங்கேதான் எடைபோடுவார்கள். நிஜக் கப்பலில் கிராதியின் ஓட்டை ஏறக்குறைய மூன்று அங்குலம். உன் அளவில் 1.6 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் கிராதியில் ஓட்டை நான்கு மில்லிமீட்டர் என்று வை. 48-ஆல் பெருக்கு: 19 சென்டிமீட்டர். மாலுமியின் கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விடும்! அந்தத் தளத்தில் எவனால் நடக்க முடியும்? கடைச்சரக்கு வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. உடலையே வெறும் மரத்திலிருந்து எழுப்பிய நீ, அதன்மேல் யாரோ யாருக்காகவோ வார்த்த துண்டை ஏன் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். மெல்லிய மரத்தகட்டில் சம இடைவெளியில் பாதி ஆழத்துக்குப் பள்ளம் அறு. அதிலிருந்து சீப்பு சீப்பாகப் பட்டைகளை வெட்டு. ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றைக் கவிழ்த்துச் செருகு. பல உடையும். உடைந்ததைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடு. அதற்காகத்தான் இரண்டு பங்கு அறுத்து வைத்திருக்கிறாய்.

வளையக் கொக்கிக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம். மெல்லிய பித்தளைக் கம்பியைத் துளையூசியின் காம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் குறடால் பிடித்து முறுக்கினால் கொக்கி வந்துவிடும். பழைய மோட்டாரின் காயிலைப் பிரித்தால் செம்புக் கம்பி கிடைக்கும். சர்க்யூட் போர்டில் துளையிடும் ஊசிகளை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கிறார்கள். கைப்பிடிக் கம்பங்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது மட்டும், பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுகிற நிதானம் வேண்டும்: ஈயம் துளி, சூடு சட்டென்று, கை அசையக் கூடாது.

ஒரு கட்டளை போடுகிறேன், இதை மட்டும் மீறாதே. தளத்தில் வைக்கும் எதையும் வெறும் பசையை நம்பி வைக்காதே. அடியில் ஒரு கம்பி இறக்கு, தளத்தில் அதற்குத் துளை போடு, பிறகு ஒட்டு. பசை மட்டும் பிடித்திருக்கும் மணிக்கூண்டு, பாய்மரக் கயிறு கட்டும்போது உன் சட்டைக்கை பட்டாலே பறந்துவிடும். மரத்துக்கு மரம் ஃபெவிகால் போதும். ஃபெவிக்விக்கை அவசரத்துக்கு எடுத்தால் அதன் ஆவி படிந்து, வண்ணத்தின் மேலும் கண்ணாடியின் மேலும் வெள்ளை பூத்துவிடும். துளைகளையெல்லாம் முதலிலேயே போட்டுவிடு. உள்ளே இருப்பது முன்னால், ஓரத்தில் இருப்பது பின்னால், எளிதில் முறியும் கைப்பிடி எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1793 தொடங்கி 1815 வரை, இடையிடையே ஓய்ந்தாலும், பிரிட்டனும் பிரான்சும் போரிட்டன. பிடிபட்ட ஆயிரக்கணக்கான மாலுமிகளும் சிப்பாய்களும் இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-ல் திறந்த கைதி முகாம் அப்படிப்பட்டது. எப்போது விடுதலை என்று தெரியாது. கையில் ஆயுதம் கிடையாது, கருவி என்று சொல்லும்படி ஏதும் கிடையாது, வரைபடம் கிடையாது. தட்டில் என்ன கிடந்தது தெரியுமா? சாப்பிட்டு மீந்த மாட்டெலும்பும் ஆட்டெலும்பும்.

அந்த எலும்பைக் கொதிக்கவைத்து வெளுத்தார்கள். பலகை பலகையாக அறுத்தார்கள். கப்பல் கட்டினார்கள்! உடல் எலும்பு, தளம் எலும்பு, பீரங்கித் துளைகளுக்கு வரிசை வரிசையாகச் சின்னக் கதவுகள். பாய்மரக் கயிற்றுக்குத் தலைமுடியும் குதிரைமயிரும். சில கப்பல்களில் பின்பக்கத்தில் தொங்கும் நூலை இழுத்தால் பீரங்கிகள் உள்ளே போகும், விட்டால் வெளியே நீட்டும். இத்தனையும் முன்னங்கை நீளக் கப்பலில்! செய்ததை முகாம் வாசலில் கூடிய சந்தையில் விற்றார்கள். அவர்களில் எலும்பும் தந்தமும் செதுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். தெரியாதவர்களும் சேர்ந்தார்கள்; ஒருவர் செதுக்க, ஒருவர் கயிறு முறுக்க என்று கூட்டாக வேலை நடந்தது. வரைபடம் இல்லாததால் பாய்மரங்கள் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும். இன்றைய கண்ணுக்கு அது பிழை. ஆனால் அந்தக் கப்பல்கள் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைதிகள் கையால் செய்தவை அங்கே பெருந்தொகுப்பாக இருக்கின்றன.

எலும்பில் கிராதி செய்தவர்களைக் கண்முன் நிறுத்திக்கொண்டு, “எனக்கு நல்ல மரம் கிடைக்கலை, நல்ல டூல் இல்லை” என்று சொல்லிப் பார். வாய் வருகிறதா?

அமெரிக்காவில் ஆகஸ்ட் கிராப்ட்ரீ என்றொருவர் இருந்தார். 1905-ல் பிறந்தவர். பல ஆண்டுகளைச் செலவிட்டு 16 மாதிரிக் கப்பல்களைச் செதுக்கினார். வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. ஒரு வாழ்நாளுக்குப் பதினாறுதான். அவசரப்பட்டிருந்தால் நூறு செய்திருக்கலாம்; ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சரி, 28 பீரங்கிக்குத் திரும்பி வா. அனுபவசாலிகள் சிலர் உன்னிடம் சொல்வார்கள்: “நடுவில் திறந்திருக்கும் இடத்தில் தெரியும் பீரங்கிகளுக்கு மட்டும் வண்டி செய். மேல்தளத்துக்கு அடியில் மறைவதற்கெல்லாம் வெறும் குழலை நீட்டிவிட்டால் போதும்.” அது வழக்கத்தில் உள்ளதுதான், தவறும் இல்லை. ஆனாலும் நான் உன்னை 28-ஐயும் செய்யச் சொல்கிறேன். முதல் வண்டி கோணலாக வரும். இரண்டாவதில் அச்சு தூக்கி நிற்கும். ஐந்தாவதில் பக்கப்பலகையின் படிக்கட்டு வெட்டு சீராகும். இருபதைத் தாண்டும்போது, இதைச் செய்தது நான்தானா என்று நீயே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். கடைசியில் செய்த நல்ல வண்டிகளை எல்லாரும் பார்க்கும் நடுப்பகுதியில் வை. தொடக்கத்தில் செய்த கோணல் வண்டிகளைத் தளத்துக்கு அடியில் இறக்கு. அவற்றைத் தூக்கிப்போடாதே, உன் கை தேறியது அவற்றில்தான். மேல்தளத்தை மூடுவதற்கு முன் இந்த வேலை முடிந்தாக வேண்டும், அதை மட்டும் நினைவில் வை. உத்தரம் ஏறிவிட்டால் உள்ளே விரல் போகாது.

“இதையெல்லாம் செஞ்சு என்ன ஆகப்போகுது?” என்று கேட்கிறவர்கள் வருவார்கள். கல்யாண வீட்டில் கேட்பார்கள், தெருமுனையில் கேட்பார்கள். பதில் சொல்லி நேரத்தைக் கெடுக்காதே. வேறு யாரும் செய்து தராத ஒன்றை உன் கை செய்துகொண்டிருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டையை வரிசை தப்பாமல் அடுக்கிய கைக்கு, நாளைக்கு எந்த வேலையைக் கொடுத்தாலும் அது பயப்படாது. இன்டர்வியூ அறையில் உட்கார்ந்தாலும் சரி, கடை போட்டு முதல் வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தாலும் சரி, சிறுசிறு துண்டாகப் பெரிய ஒன்றை முடித்த பழக்கம் உன்னோடு வரும்.

நாள் பார்க்காதே. நல்ல சாமணம் வந்த பிறகு, புது விளக்கு வாங்கிய பிறகு, பரீட்சை முடிந்த பிறகு என்று தவணை சொல்லாதே. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடை. ஒரு குச்சியை எடு. ஒரே ஒரு சக்கரம் வெட்டு. வெட்டிவிட்டு விளக்கை அணை. யாராவது “எவ்வளவு பாக்கி?” என்று கேட்டால் தலைநிமிர்ந்து சொல்: “நூற்றுப் பதினொன்று!”